கணக்கில் வராத கண்ணீர்



இந்தப் பகுதியில் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், பாம்புக்கடி, பிள்ளைகளின் வயிற்றுப்பூச்சி என்று எத்தனையோ விஷயங்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இந்த மாதம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் நாம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவது. பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவது. தன்னைத் தானே அழித்துக்கொள்ளுதல் பற்றியதுதான்.

1980களில் நான் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசராக வேலை பார்த்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒருநாள் இரவு பதினோரு மணி இருக்கும். தோட்டத்து லாரியில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் ஏதோ சண்டை. புல்லுக்கு அடிக்கிற மருந்து வீட்டிலேயே இருந்திருக்கிறது. செய்ய வேண்டிய முதலுதவியைச் செய்து, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டிரசரையா, உங்க காலைப் பிடிச்சிக் கேக்குறேன். தெரியாம குடிச்சிட்டான்னு எழுதிடுங்க. போலீஸ் வந்தா மானம் போயிடும். இவளுக்குக் கீழ இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு."

நான் எழுதினேன். "தவறுதலாக அருந்தியது."

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அவள் கதையைக் கடைசியில் சொல்கிறேன். பல வருடம் கழித்து நான் மாற்றலாகிப் போகும்போது, ஒப்படைப்பதற்காகப் பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். "தவறுதலாக", "தெரியாமல்", "வயிற்று வலி", "மயக்கம்" என்று வரிசையாக என் கையெழுத்து. தானாகச் செய்துகொண்டது என்று ஒரு வரிகூட இல்லை. என் புத்தகத்தை நம்பினால் எங்கள் தோட்டம்தான் மலேசியாவிலேயே சந்தோஷமான தோட்டம்!

நான் செய்தது இரக்கம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதனால் என்ன கெட்டது என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இரண்டு பேச்சு, இரண்டும் தவறு

இந்த விஷயத்தில் நம்மவர்களிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒரு சாரார், "அதெல்லாம் நம்ம ஆளுங்களோட சாபக்கேடு. நம்ம இரத்தத்துலேயே ஊறிப் போச்சு" என்பார்கள். மற்றொரு சாரார், "எங்கேயோ ஒண்ணு ரெண்டு நடக்குது. அதைப் போய்ப் பெருசாப் பேசிக்கிட்டு" என்று முடித்துவிடுவார்கள்.

முதல் பேச்சு கையைக் கட்டிப்போடுகிறது. இரண்டாவது பேச்சு கண்ணைக் கட்டிவிடுகிறது. சரியாகக் கணக்கெடுத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்காது. ஆனால் கணக்கெடுப்பது எப்படி? சீனர், மலாய்க்காரர், இந்தியர், தோட்டம், பட்டணம், ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்கும்போது எதை நம்புவது, எதைச் சந்தேகப்படுவது? இது படித்தவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. பால்மரம் வெட்டியவர்களுக்கு நன்றாகவே புரியும்.

வாளியும் மெட்ரோலாக்கும்

பால் கொட்டாயில் நிறுவை நடக்கும்போது என்ன நடக்கும்? வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கிராணி சம்பளம் போடுவதில்லை. மெட்ரோலாக்கைப் பாலில் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். மழை பெய்த நாளில் வாளி நிறைந்திருக்கும், ரப்பர் குறைவாக இருக்கும். எடை ஒரு கணக்கு, அடர்த்தி இன்னொரு கணக்கு.

மரணக் கணக்கும் அப்படித்தான். எத்தனை பேர் என்பது வாளியின் எடை. 1 லட்சம் பேரில் எத்தனை பேர் என்பதுதான் அடர்த்தி. இதைத்தான் விகிதம் என்கிறார்கள்.

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டில் தேசிய தற்கொலைப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. அந்தப் பதிவேட்டில் 2009ஆம் ஆண்டுக்கு 328 மரணங்கள் பதிவாயின. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சீனர்கள். ஐந்தில் ஒரு பங்கு அளவில் இந்தியர்கள். வாளியின் எடையை மட்டும் பார்த்தால், "சீனர்கள்தான் அதிகம், நமக்கென்ன" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அன்றைய மக்கள் தொகையில் சீனர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இந்தியர்களோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் அடர்த்தி யாரிடம் அதிகம்? நீங்களே வகுத்துப் பாருங்கள்.

ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தால், இறந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்கள். ஆனால் முயன்று பிழைத்தவர்களைக் கணக்கெடுத்தால் பல நாடுகளிலும் பெண்களே அதிகம். மரணத்தை மட்டும் எண்ணினால் இது ஆண்களின் துன்பம் போலவும், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை எண்ணினால் பெண்களின் துன்பம் போலவும் தெரிகிறது. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து முகம் மாறுகிறது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. 500 பேர் வாழும் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் ஒருவர் இறந்தால் அந்தத் தோட்டத்தின் விகிதம் லட்சத்துக்கு 200 ஆகிவிடும். அடுத்த வருடம் யாரும் இறக்காவிட்டால் சுழி. ஒரே வருடத்தில் நரகமாகவும் மறு வருடத்தில் சொர்க்கமாகவும் ஒரு தோட்டம் மாறிவிடுமா? சிறிய கூட்டத்தை அளக்கும்போது பல வருடக் கணக்கைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு "இந்தத் தோட்டமே இப்படித்தான்" என்று சொல்வது நியாயம் ஆகாது.

வலையில் ஓட்டை

மேலே சொன்ன 328 பேர் என்ற கணக்கைப் பாருங்கள். அன்றைக்கு நாட்டின் மக்கள் தொகை ஏறக்குறைய 28 மில்லியன். லட்சத்துக்கு ஒருவருக்குச் சற்று மேல். உலகத்திலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று! ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டுக்கு மலேசியாவைப் பற்றிப் போட்ட மதிப்பீடு, லட்சத்துக்கு 5 பேருக்கும் மேல். பத்து வருடத்தில் இவ்வளவு கூடிவிட்டதா? பெரும்பகுதி அப்படி அல்ல. அளந்த கோல் வேறு. முன்னது பிணவறைகளிலிருந்து உறுதியாகி வந்த மரணங்களை மட்டும் எண்ணியது. பின்னது விட்டுப்போனதையும் சேர்த்து மதிப்பிட்டது.

விட்டுப்போவது எப்படி? என்னைப் போன்ற டிரசர்கள் எழுதிய வரிகளால்தான்.

மனநல மருத்துவர் டி. மணியம் 1966 முதல் 1990 வரையிலான மலேசியக் கணக்குகளை ஆராய்ந்து 1995ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். "காரணம் நிச்சயிக்கப்படாத மரணம்" என்ற பெட்டிக்குள் உண்மையில் தற்கொலைகள் பல போய் விழுந்திருக்கின்றன என்று அதில் எடுத்துக் காட்டினார். பெட்டியின் பெயர் மாறியதால் கணக்குக் குறைந்ததே தவிர, கண்ணீர் குறையவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. 1897ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் எமில் டர்க்கைம் இந்த விஷயத்தைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்றை எழுதினார். கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டண்டுகளிடம் விகிதம் அதிகம் என்றும், ஒருவரோடு ஒருவர் ஒட்டி வாழும் சமூகத்தில் இது குறைகிறது என்றும் சொன்னார். பின்னால் வந்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "கத்தோலிக்கரிடம் மரணம் குறைவா, அல்லது பாவம் என்று பயந்து குடும்பம் மறைத்ததால் எழுத்தில் குறைவா?" இந்தக் கேள்வியை எந்த இனத்தின் கணக்கைப் பார்க்கும்போதும் கேட்டே ஆக வேண்டும். எந்தச் சமூகத்தில் வெட்கமும் பயமும் அதிகமோ, அங்கே மறைப்பும் அதிகம். ஆகவே இரண்டு இனங்களின் எண்ணிக்கை வேறுபட்டால், மரணத்தில் வேறுபாடா, மறைப்பதில் வேறுபாடா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் மறைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறைக்கு அனுப்ப இடம் தந்தது. உயிர் பிழைத்தவனுக்குச் சிறை! அந்த அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று இப்போது புரிகிறதா? அந்தப் பிரிவை நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. சிங்கப்பூர் 2020ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. இன்றைக்கு யாரும் அந்தப் பயத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேமரன் மலையில் கண்டது

ஓட்டை உள்ள வலையாக இருந்தாலும் பெரிய மீன் சிக்காமல் போகாது. அதே டாக்டர் மணியம், கேமரன் மலையில் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் நடந்தவற்றைத் திரட்டி, 1988ஆம் ஆண்டில் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் வெளியிட்டார். தேயிலைத் தோட்டமும் காய்கறித் தோட்டமும் நிறைந்த ஊர். அங்கே இந்தியர்களின் விகிதம் மிக அதிகமாக இருந்தது. பெரும்பாலும் பயிருக்கு அடிக்கும் விஷம்தான் காரணமாக இருந்தது.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். "பார்த்தீர்களா, இந்தியர்கள்தான்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்த மலையில் இந்தியர் என்றால் யார்? குறைந்த சம்பளம் வாங்குகிறவர். லயத்து வீட்டில் இருக்கிறவர். வேலை போனால் வீடும் போய்விடும் என்ற பயத்தோடு வாழ்கிறவர். கையெட்டும் தூரத்தில் மருந்துப் புட்டி இருக்கிறவர். இத்தனையும் "இனம்" என்ற ஒரே சொல்லுக்குள் மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கிறது. மூட்டையை அவிழ்க்காமல் எடை போட்டால் எது கனம் என்று எப்படித் தெரியும்?

அவிழ்த்துப் பார்த்த நாடுகள்

மூட்டையை அவிழ்த்துப் பார்த்த நாடுகள் உண்டு. அதில் நமக்கு மிகவும் நெருக்கமானது இலங்கை.

1995ஆம் ஆண்டில் இலங்கையின் விகிதம் லட்சத்துக்கு 47 பேர் அளவுக்கு ஏறியிருந்தது. அன்றைய உலகத்தில் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. சிங்கள விவசாயி, யாழ்ப்பாணத்துத் தமிழர், மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி எல்லோரும் அந்தக் கணக்கில் உண்டு. "அந்தத் தீவு மக்களின் சுபாவமே அப்படி" என்று பேசியவர்களும் இருந்தார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? பயிர் மருந்துகளில் மிகவும் கொடிய வகைகளை ஒவ்வொன்றாக விற்பனையிலிருந்து எடுத்தது. 1995இல் ஒரு தொகுதி, 1998இல் ஒன்று, 2008 முதல் 2011 வரை மேலும் சில. 20 வருடத்தில் விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. அந்த இடைக்காலத்தில் அங்கே சமாதானமா நிலவியது? 2009 வரை உள்நாட்டுப் போர். 2004இல் சுனாமி. வறுமை தீர்ந்துவிடவில்லை. மக்களும் அதே மக்கள், இரத்தமும் அதே இரத்தம். விளைச்சலும் அதனால் குறைந்துவிடவில்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இது ஆசியாவில் மட்டும் நடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டு அடுப்புக்குக் குழாயில் வந்த பழைய எரிவாயுவில் விஷம் இருந்தது. 1960களிலும் 1970களிலும் வேறு காரணத்துக்காக அதை விஷமில்லாத வாயுவாக மாற்றினார்கள். 1963ஆம் ஆண்டில் 5,714 ஆக இருந்த தற்கொலை மரணங்கள் 1975ஆம் ஆண்டில் 3,693 ஆகக் குறைந்தன. வெள்ளைக்காரர்களின் சுபாவமும் மாறவில்லை, துன்பமும் மாறவில்லை. கைக்கெட்டும் இடத்தில் இருந்தது மாறியது.

"சாகணும்னு நினைச்சவன் ஒண்ணு இல்லேன்னா இன்னொண்ணைத் தேடிப் போக மாட்டானா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. இந்த எண்ணம் பெரும்பாலும் புயல் போல வருவது. பலருக்குச் சில நிமிடம், சிலருக்குச் சில மணி நேரம். அந்த நேரம் கடந்துவிட்டால் மனது திரும்பிவிடுகிறது. ஒரு முறை முயன்று பிழைத்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், பத்துப் பேரில் ஒன்பது பேர் பிறகு அவ்விதமாக இறக்கவில்லை. ஆகவே அந்தப் புயல் நேரத்தைக் கடத்திவிட்டால் ஓர் ஆயுளையே காப்பாற்றியதாகும்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். தோட்டத்துப் பெண்கள் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அடித்த பாராக்குவாட் மருந்தைத் தடைசெய்யப் போவதாக 2002ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். 2006ஆம் ஆண்டில் அதைத் தளர்த்திவிட்டார்கள். மருந்தடிக்கிற பெண்களின் நகமும் தோலும் மூக்கும் படும் பாட்டைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை வந்தது. அறிவித்ததற்கும் தடை வந்ததற்கும் இடையில் 18 வருடம்! வேலையிடப் பாதுகாப்புக்காக நடந்த அந்தப் போராட்டம் வீட்டுக்குள் இருந்த உயிர்களுக்கும் காவலாகிவிட்டது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சராசரி சொல்லும் பொய்

தன்னை அழித்துக்கொள்வது ஒரே நாளில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகவும் நடக்கும். சம்சு குடித்துக் குடல் வெந்து போனவர்களை என் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

இதை அளப்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. நாட்டின் மொத்த மதுவை மொத்த மக்களுக்கும் வகுத்தால், மலேசியாவில் தலைக்கு வருவது மிகக் கொஞ்சம். "நாம குடிகார நாடு இல்லை" என்று பெருமைப்படலாம். ஆனால் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர்தான் குடிக்கிறார். குடிக்காத எட்டுப் பேரையும் சேர்த்து வகுத்ததால்தான் அந்த எண் சிறிதாகத் தெரிகிறது. ஒரு லயத்தில் ஒன்பது வீடு. எட்டு வீட்டில் சொட்டு கிடையாது. ஒன்பதாவது வீட்டில் தினமும் ஒரு புட்டி. சராசரி பார்த்தால் லயமே நல்ல லயம். அந்த ஒன்பதாவது வீட்டுப் பிள்ளையிடம் போய் இந்தச் சராசரியைச் சொல்ல முடியுமா?

மதுவும் மற்றதும் தனித்தனி அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. போதை ஏறியிருக்கும்போது மனதின் பிரேக் பிடிக்காது. தாங்கக்கூடிய துக்கமும் தாங்க முடியாததாகத் தெரியும்.

கேட்டால்தான் தெரியும்

மூன்றாவது வகைக் கணக்கு ஒன்று உண்டு. நேராகக் கேட்பது. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 13 முதல் 17 வயது வரையுள்ள இடைநிலைப் பள்ளி மாணவர்களிடம், பெயர் எழுதாத தாளில் கேட்டார்கள். கடந்த 12 மாதத்தில் உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றித் தீவிரமாக நினைத்ததுண்டா என்ற கேள்விக்கு 100க்கு 13 பேர் "ஆம்" என்று எழுதினார்கள். ஏறக்குறைய எட்டில் ஒரு பிள்ளை. 2017ஆம் ஆண்டில் இதே கேள்விக்கு 100க்கு 10 பேர்.

நினைத்தவர்கள் எல்லோரும் செய்துவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலோர் கடந்து வந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த எட்டில் ஒரு பிள்ளை எந்த ஆஸ்பத்திரிப் புத்தகத்திலும் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கேட்டதால்தான் வெளியே வந்தது. வீட்டில் நாம் கேட்டிருக்கிறோமா?

"கேட்டா, இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கின மாதிரி ஆகிடாதா?" என்று தாய்மார்கள் பயப்படுவார்கள். ஆகாது. இதைப் பற்றிப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை. மாறாக, பாரம் இறங்குகிறது.

இனி நாம் செய்ய வேண்டியவை

கணக்கு சொன்னதைக் கையால் செய்வது எப்படி என்பதைப் பார்ப்போம்.

1. பயிர் மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். தோட்டத்து ஸ்டோரிலேயே பூட்டி வைக்கச் சொல்லுங்கள். சாவி ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். சொந்தக் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களும் இப்படியே செய்யுங்கள். வாங்கும்போது தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

2. சர்பத் புட்டியிலோ தண்ணீர்ப் போத்தலிலோ மருந்தை ஊற்றி வைக்கவே கூடாது. உண்மையாகவே தவறுதலாகக் குடித்துவிடும் குழந்தைகளும் உண்டு.

3. யாருக்காவது விஷம் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால், கொஞ்சமா அதிகமா என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். பார்க்க நன்றாக இருக்கிறார் என்று விட்டுவிடவும் கூடாது. உடனே 999க்கு அழையுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றித் தோலைத் தண்ணீரால் கழுவுங்கள். மருந்துப் புட்டியை லேபிளோடு எடுத்துப் போங்கள். டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

4. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் ஒதுங்குகிறவர்களைக் கவனியுங்கள். "நான் இல்லேன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்ற பேச்சு வந்தால் விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். பதிலைக் கேட்டுத் திட்டாதீர்கள், உபதேசமும் வேண்டாம். அன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள்.

5. வட்டிக்கடன், வேலை நீக்கம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசு, இவற்றால் தவிப்பவர்கள் உடனே கிளைத் தலைவரைப் பாருங்கள். மனக்கவலை என்று நாம் பெயர் வைப்பதில் பாதி, சம்பளக் கவலைதான். அதற்கு மருந்து சங்கத்திலும் கிடைக்கும்.

6. ஒரு முறை முயன்று பிழைத்து வந்தவரை ஊர் விசாரணை செய்யக் கூடாது. கேலி கூடவே கூடாது. அவருக்கு வேண்டியது தொடர்ந்த வைத்தியமும், வீட்டில் வழக்கம்போல ஒரு தட்டுச் சோறும்தான்.

7. மனம் விட்டுப் பேச ஆள் இல்லை என்றால், பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணுக்கும், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555க்கும் அழைக்கலாம். அரசாங்கக் கிளினிக்கிலும் மனநல உதவி கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பல்வலிக்குப் போகிறோமே, அதுபோலத்தான்.

இன்றைக்குத் தோட்டத்தில் நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள். தோட்டம் விற்கப்பட்டு, பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். லயத்தில் இப்போது இருப்பவர்களில் வங்காளதேசி, இந்தோனேசியர், நேபாளி என்று பலர் வந்துவிட்டார்கள். ஊரை விட்டு, பெண்டாட்டி பிள்ளையை விட்டு, ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்திருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் வந்தது போலத்தான். அவர்கள் கண்ணீர் எந்தக் கணக்கில் வருகிறது? பக்கத்து வரிசையில் மருந்தடிக்கிறவன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றால், பாஷை தெரியாவிட்டாலும் ஒரு கோப்பைக் காப்பி கொடுத்துப் பக்கத்தில் உட்காரலாம்.

அந்தப் பெண் சொன்னது

தொடக்கத்தில் சொன்ன பெண்ணைச் சில வருடத்துக்கு முன்பு ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் பார்த்தேன். அவளாகத்தான் வந்து அடையாளம் சொன்னாள். கையில் பேத்தி. அன்னதானப் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

"டிரசரையா, அன்னிக்கு என்னைப் பத்தி உங்க புஸ்தகத்துல என்ன எழுதுனீங்க?"

மறைக்க மனம் வரவில்லை. "தவறுதலாக அருந்தியதுன்னு எழுதினேம்மா. உங்க அப்பா கேட்டுக்கிட்டாரு."

கொஞ்ச நேரம் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"தவறுதல்தான். அதுல பொய் ஒண்ணும் இல்லை. மறுநாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு அது எவ்வளவு பெரிய தவறுதல்னு. ஆனா ஒண்ணு டிரசரையா. நீங்க அப்படி எழுதிட்டீங்க. வீட்டுலயும் அப்படியே சொல்லிட்டாங்க. அதனால, ஏம்மா அப்படிச் செஞ்சேன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட என்னைக் கேக்கலை."

நான் கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் தாமதமாகக் கேட்டேன். அவள் சொன்னாள். அது அவள் சொந்த விஷயம், இங்கே எழுத மாட்டேன்.

தோழர்களே, நீங்கள் அவ்வளவு வருடம் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், வீட்டில் யார் முகம் வாடியிருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டுக் கேளுங்கள்.